அம்மாவின் கணுக்காலில் நான்கு மாதமாக ஆறாத புண்: நரம்புக் கோளாறா, இரத்தவோட்டக் கோளாறா?

வைகைக்கரையாள் கேட்கிறார்:

மூத்தோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் அம்மாவின் காலைப் பற்றி வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்களிடம் முழுவதையும் எழுதிக் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 48 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரை மணிக்கு நிற்கத் தொடங்கினால், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் அரை மணி நேரம் போக, இரவு ஒன்பது வரை நின்றபடியே வேலை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாட்களில் இன்னும் நேரமாகும். என் தம்பியை வயிற்றில் சுமந்திருந்தபோதே இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைக்கத் தொடங்கியதாம். இப்போது அது கயிற்றைச் சுருட்டிப் போட்டதுபோல் கணுக்கால் வரை இறங்கியிருக்கிறது. மாலையானால் கால் கனத்து வீங்கிக் கொலுசின் தடம் ஆழமாகப் பதிகிறது. இரவு படுத்து எழுந்தால் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. நள்ளிரவில் கெண்டைக்கால் பிடித்திழுத்து, அவர் எழுந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பதைப் பல நாட்கள் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்து, தடித்து, ஓயாமல் அரிக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் புடவைக் கட்டுகளை இறக்கும்போது மரப்படியின் விளிம்பு அந்த இடத்தில் இடித்துச் சிறு சிராய்ப்பு ஏற்பட்டது. அது ஆறாமல் இன்று பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய புண்ணாகி நீர் கசிந்துகொண்டிருக்கிறது. அருகிலுள்ள மருத்துவமனையில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். மூன்று முறை ஆண்டிபயாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு முறை பரிசோதித்ததில் சர்க்கரை இல்லை என்று வந்தது. இரத்தக் கொதிப்புக்கு மட்டும் அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார்.

பக்கத்து வீட்டு ஆச்சி, கெட்ட நீர் இறங்குகிறது, அதைத் தடுக்கக் கூடாது என்கிறார். நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் மாமா, கிரேப் பேண்டேஜ் வாங்கி இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார். லேசர் சிகிச்சையில் நரம்பையே எரித்துவிடுவார்கள், பிறகு கால் செத்துப்போகும் என்று உடன் வேலை பார்க்கும் பெண்கள் பயமுறுத்தியதால் அம்மா பெரிய மருத்துவமனைக்கு வரவே மறுக்கிறார்.

இது உண்மையில் என்ன நோய்? மருந்து போட்டும் புண் ஏன் ஆறவில்லை? இறுக்கிக் கட்டலாமா? நரம்பை அடைத்துவிட்டால் இரத்தம் எந்த வழியாகப் போகும்? அவருடைய சம்பளம் வீட்டுக்குத் தேவை என்பதால், அவர் தொடர்ந்து வேலை பார்க்க முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதுகிறார்:

மகளே, அரசு மருத்துவமனையின் இரத்தநாள அறுவைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் நான். உன் அம்மாவைப் போன்ற கால்களை அங்கே நாள்தோறும் பார்த்திருக்கிறேன். துணிக்கடைப் பெண்கள், உணவகத்தில் தோசைக்கல் முன்னால் நிற்பவர்கள், பேருந்து நடத்துநர்கள், சலவைத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள் என்று வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் புண் வந்து ஓராண்டு, ஈராண்டு கழித்தே வந்தார்கள். நீ நான்கு மாதத்தில் கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்த ‘நரம்பு’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் யாழின் தந்தியும் நரம்பு, மூளையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுசெல்வதும் நரம்பு, கையில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் குழாயும் நரம்பு. இந்த ஒரு சொல்லால் எத்தனையோ நோயாளிகள் வழிமாறிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். காலில் புடைத்திருப்பது உணர்ச்சி நரம்பு அன்று; அது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. இதயத்திலிருந்து இரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவருவது தமனி. சிரை கெட்டால் ஒருவகை நோய், தமனி அடைத்தால் வேறொரு நோய், நரம்பு கெட்டால் மூன்றாவது வகை. சத்து மாத்திரையால் சிரையின் கோளாறு தீராது.

கணுக்காலில் இருக்கும் இரத்தம் இதயத்தை அடைய மூன்றடிக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். கீழிருந்து அதைத் தள்ளிவிடும் வேலையைக் கெண்டைக்கால் தசை செய்கிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தத் தசை சுருங்கி, உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஏறிய இரத்தம் மறுபடியும் இறங்கிவிடாதபடி சிரைக்குள் ஒருவழிக் கதவுகளாக வால்வுகள் இருக்கின்றன. நம்முடைய ஏரி மதகைப் போல இவற்றை இருபுறமும் திறக்க முடியாது; மேலே போக மட்டுமே வழிவிடும். இத்தாலியின் பதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் என்ற உடற்கூற்றறிஞர் 1603இல் இந்த வால்வுகளை விவரித்து எழுதினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவியபோது இந்த வால்வுகளையே முக்கியச் சான்றாகக் காட்டினார்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். நல்ல காலுடையவர் நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் அது சரியாக இறங்குவதில்லை. மேலே தள்ளிய இரத்தம் மறுபடி கீழே வழிந்து, நாள் முழுவதும் அழுத்தம் தங்கிவிடுகிறது. உன் அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கக்கூடும்: நின்றே பார்க்கும் வேலை, அதற்கு முன்பே பேறுகாலத்தில் தளர்ந்த சிரைகள். கருவுற்றிருக்கும்போது உடலில் இரத்தத்தின் அளவு கூடுகிறது, சுரப்புகளின் மாற்றத்தால் சிரைச் சுவர் தளர்கிறது, கருப்பை வளர்ந்து இடுப்புச் சிரைகளையும் அழுத்துகிறது. பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ இதே போன்ற கால் இருந்ததா என்றும் கேட்டுப் பார். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு.

தங்கிய அழுத்தம் நுண்ணிய இரத்தக் குழாய்களை வீங்கவைக்கிறது. அவற்றிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் தோலுக்கடியில் கசிகின்றன. கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றிலுள்ள இரும்பு தோலில் படிவதால்தான் அந்தக் கருமை. பிறகு அரிப்பு வரும், தோலும் அடிக்கொழுப்பும் இறுகும், காலின் கீழ்ப்பகுதி ஒடுங்கித் தலைகீழாக நிறுத்திய சீசா போல் ஆகும். அந்தத் தோலுக்குச் சத்து சரியாகப் போய்ச்சேராது. ஒரு கொசுக்கடியைச் சொறிந்தால்கூடப் புண்ணாகிவிடும். உன் அம்மாவுக்கு மரப்படி இடித்தது ஒரு சாக்கு. அந்தப் புண்ணுக்கான நிலம் இரண்டு ஆண்டுகளாகப் பண்பட்டுக்கொண்டிருந்தது. ஆண்டிபயாட்டிக் கிருமியைத்தான் கொல்லும், அழுத்தத்தைக் குறைக்காது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சூடு, காய்ச்சல், கூடுகிற வலி ஆகியவை இல்லாத புண்ணுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பயனில்லை. கண்ட களிம்பும் பொடியும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட கால்களின் தோல் மருந்துகளுக்கே ஒவ்வாமை கொண்டு, புண்ணைச் சுற்றிப் படையாகி அவதிப்பட்டவர்களை நான் அறிவேன்.

உள்கணுக்காலுக்கு மேலே, ஆழமில்லாமல், நீர் கசிந்துகொண்டு, சுற்றிலும் கறுத்த தோலோடு இருக்கும் புண் பெரும்பாலும் சிரைப் புண்ணாகவே இருக்கும். ஆனாலும் நான் எழுத்தைப் படித்துச் சொல்கிறேனே தவிர, காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவை ஓர் இரத்தநாள அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போ. அங்கே இரண்டு பரிசோதனைகள் கட்டாயம் நடக்க வேண்டும். முதலாவது கலர் டாப்ளர் ஸ்கேன்; ஒலியலையைக் கொண்டு குழாய்க்குள் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது. சிரையின் வால்வைச் சோதிக்க வேண்டுமானால் நோயாளியை நிற்கவைத்துப் பார்ப்பதே முறை. படுத்தபடி மட்டும் பார்த்து எல்லாம் நன்றாயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்த அறிக்கைகளை நாங்கள் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது, கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கும் பரிசோதனை. அது வலியற்றது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் மாமா சொன்னபடி இறுக்கிக் கட்டிவிடாதே. ஏன் என்பதை வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பகலில் இயன்றபோதெல்லாம் படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணைகள் வைத்துக் காலை உயர்த்தச் சொல். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது இதற்குப் போதாது. உயர்த்தும்போது வலி கூடினால் உடனே நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செம்மண் மேட்டுக்காரன் எழுதுகிறார்:

சகோதரி, இறுக்கிக் கட்டுவதைப் பற்றி அம்மையார் எழுதியதைப் படித்ததும் என் தந்தையின் நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் தந்தை பதினாறு வயதிலிருந்து பீடி குடித்தவர். முதலில் இருநூறடி நடந்தால் கெண்டைக்காலில் வலி வந்து நின்றுவிடுவார், இரண்டு நிமிடம் நின்றால் வலி போய்விடும், மறுபடி நடப்பார். நாங்கள் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பிறகு இரவில் படுத்தால் பாதத்தில் எரிச்சலும் வலியும் வந்து, கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார். தொங்கவிட்டால் வலி குறைந்தது. அப்படித் தொங்கவிட்டதால் கால் வீங்கியது. அந்த வீக்கத்தை மட்டும் பார்த்த ஓரிடத்தில், இது வெரிகோஸ் வெயின், அதாவது சிரைப் புடைப்பு என்று சொல்லி முழங்கால் வரை இறுக்கமாகக் கட்டி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது பெருவிரல் கறுத்திருந்தது. அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

என் தந்தைக்கு இருந்தது தமனி அடைப்பு. காலுக்கு வரவேண்டிய இரத்தமே குறைவாக வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்த அந்தச் சிறிதளவையும் கட்டு நெரித்துவிட்டது. பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் கணுக்கால் அழுத்தத்தை அளந்தபோது கையழுத்தத்தில் பாதிகூட இல்லை என்றார்கள். வகுத்து வரும் எண் ஒன்றுக்கு அருகில் இருந்தால் நல்லது, 0.9க்குக் கீழே போனால் தமனியில் அடைப்பு உண்டு, 0.5க்குக் கீழே போனால் அழுத்தக் கட்டு போடவே கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் எங்களுக்கு உட்கார்ந்து விளக்கினார். அந்த அளவை முதல் நாளே யாராவது எடுத்திருந்தால் விரல் போயிருக்காது என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சிரைக் கோளாறில் காலை உயர்த்தினால் சுகம், தமனிக் கோளாறில் காலைத் தொங்கவிட்டால் சுகம். சிரைப் புண் கணுக்காலைச் சுற்றி வரும். தமனிப் புண் விரல் நுனி, குதிகால் போன்ற இடங்களில், உலர்ந்து, சிறிதானாலும் தாங்க முடியாத வலியோடு வரும். பாதம் குளிர்ந்திருக்கும், முடி உதிர்ந்து தோல் பளபளக்கும், பாதத்தின் மேற்புறத்தில் நாடித்துடிப்பு கிடைக்காது. இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டாம். உங்கள் அம்மாவுக்கு அடையாளங்கள் சிரைக் கோளாறாகத் தெரிந்தாலும் அளவெடுத்துவிட்டே கட்டுங்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபது, முப்பது வயதிலேயே பீடி, சிகரெட்டால் கைகால் விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் அழன்று அடைத்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. லியோ பர்கர் என்ற மருத்துவர் அதை 1908இல் விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். என் தந்தை படுத்திருந்த வார்டில் அந்த நோயுடைய இருவர் இருந்தார்கள். ஒருவருக்கு வயது 32. புகையிலையை அடியோடு விடாத வரை அந்த நோயை எந்த மருந்தாலும் நிறுத்த முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றுதானே என்று வைத்துக்கொண்டவர்களுக்கும் அது தொடர்கிறது.

நெல்லை மருத்துவர் எழுதுகிறார்:

வணக்கம். மேலே இருவரும் எழுதியதை ஒரு பொது மருத்துவராக நான் முழுவதும் ஏற்கிறேன். விடுபட்ட சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தங்கள் தாயார் உட்கொள்ளும் அம்லோடிபின், கணுக்கால் வீக்கத்தைத் தானாகவே உண்டாக்கக்கூடிய மாத்திரை. அதனால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும். கருமையும் புண்ணும் அதனால் வருவதில்லை. எனவே நோய்க்குக் காரணம் அம்மாத்திரை அன்று. ஆனால் ஏற்கெனவே வீங்கும் காலில் அது சுமையைக் கூட்டலாம். தாங்களாக நிறுத்திவிடாமல், வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு கால்களும் சமமாக வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். யானைக்கால் நோயின் வீக்கம் வேறு வகை. அது நிணநீர்க் குழாய்கள் கெடுவதால் வருவது, பாதத்தின் மேற்புறமும் விரல்களும் சேர்ந்து தடிக்கும், நாளடைவில் இரவு படுத்தெழுந்தாலும் வடியாது.

லேசர் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த அச்சத்தால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் புண்ணோடு வாழ்கிறார்கள். காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தசைக்குள் ஆழத்தில் ஓடும் சிரைகளே ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இரத்தத்தை மேலே கொண்டுபோகின்றன. தோலுக்கடியில் ஓடுபவை எஞ்சியதைக் கொண்டுபோகின்றன. உள்கணுக்காலிலிருந்து தொடையிடுக்கு வரை ஏறும் நீண்ட மேற்சிரையின் வால்வு பழுதாகும்போது, அது இரத்தத்தை மேலே கொண்டுபோகாமல் மேலிருந்து கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது. அதை அடைப்பதால் இழப்பு எதுவும் இல்லை. கொட்டிக்கொண்டிருந்த வழி மூடப்பட்டு, ஆழ்சிரைகளின் சுமை குறைகிறது. ஆழ்சிரை திறந்திருக்கிறது என்று ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே அடைப்பார்கள். இதய பைபாஸ் அறுவையில் இதே மேற்சிரையை எடுத்து இதயத்தில் பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் அந்தக் காலோடு நடக்கிறார் என்பதைத் தாயாருக்குச் சொல்லுங்கள்.

லேசரோ ரேடியோ அலையோ, இரண்டுமே சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்து சூடாக்கி அதை ஒட்டிவிடும் முறைகள். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த நீரைச் செலுத்துவதால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தும் முறையும், தொடையிடுக்கில் கட்டிச் சிரையை உருவியெடுக்கும் பழைய அறுவையும் உண்டு. எது பொருந்தும் என்பதை ஸ்கேன் பார்த்த அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும். சில ஆண்டுகள் கழித்து வேறு சிரைகளில் புடைப்பு மறுபடி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்காகச் செய்யாமல் விட்டுவிடுவது சரியான முடிவாகாது.

புண் ஆறிய பிறகு சிரையை அடைக்கலாம் என்று முன்பு காத்திருப்பார்கள். இங்கிலாந்தில் 450 நோயாளிகளை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றியது. அழுத்தக் கட்டோடு இரண்டு வாரத்துக்குள் சிரையை அடைத்தவர்களின் புண் நடுமதிப்பாக 56 நாட்களில் ஆறியது. அழுத்தக் கட்டை மட்டும் போட்டு அடைப்பைத் தள்ளிவைத்தவர்களுக்கு 82 நாட்கள் ஆயின. ஆகவே புண் இருக்கும்போதே அறுவை மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. முறையான சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில் ஆறாமல், ஓரம் தடித்து மேடாக வளரும் புண்ணில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பதும் அவசியம்; பழைய புண்ணில் அரிதாகப் புற்று தோன்றுவதுண்டு.

இரண்டு நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலுக்கு எண்ணெய் தடவி நீவிவிடுவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிரையே பறிக்கும். அதனுடன் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108ஐ அழையுங்கள். இரண்டாவது, புடைத்த சிரை வெடித்து இரத்தம் பீய்ச்சுவது. நோயாளியை உடனே படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியை மடித்து வெடித்த இடத்தில் நேராக அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். பதறி நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்கு மேலே கயிறு கட்டினால் இரத்தம் கூடுதலாகவே கொட்டும்.

மூன்றாம் மாடிப் பட்டுப்பிரிவு எழுதுகிறார்:

அன்புத் தங்கைக்கு, நானும் துணிக்கடையில் 14 ஆண்டுகள் நின்றவள்; இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது காலில் ரேடியோ அலைச் சிகிச்சை செய்துகொண்டேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. என் கால் சாகவில்லை. மூன்றாம் நாள் கடைத்தெருவுக்கு நடந்து போனேன். ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். தொடையின் உள்பக்கம் கயிறு இழுத்தாற்போல ஒரு பிடிப்பு சில வாரங்கள் இருந்து பிறகு போய்விட்டது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஒவ்வொரு கடையிலும் பணியாளர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்று எழுதிச் சேர்த்தார்கள். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2018இல் அங்கே இதே உரிமை வந்திருந்தது. நம்மூரில் சட்டம் வந்த பிறகு பல கடைகளில் முக்காலிகள் வந்தன. வந்த முக்காலியில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முகம் மாறுகிறது என்பதும் உண்மை. எங்கள் பிரிவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால்தானே கண்ணில் படும் என்று பேசிவைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் முறைவைத்து எல்லோருமே உட்கார்ந்தோம். பத்து நாளில் அது கடையின் வழக்கமாகிவிட்டது. இருக்கையே போடாத கடையைப் பற்றித் தொழிலாளர் துறையில் முறையிடலாம்.

ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதும் காலுக்கு ஆகாது என்று என் மருத்துவர் சொன்னார். நிற்பதைவிட அசையாமல் நிற்பதே கெடுதல். கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் தசை வேலைசெய்யும். புடவை விரித்துக் காட்டிக்கொண்டே அதைச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. கழிப்பறைக்குப் போகவிடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்கள் எல்லோருக்கும் இருக்கும் கெட்ட பழக்கம்; அதை அம்மா விட்டுவிட வேண்டும்.

காலை இறுக்கிப் பிடித்து வீக்கத்தைத் தடுக்கும் அழுத்தக் காலுறை மதுரை வெயிலில் தொல்லைதான், மறைக்கவில்லை. கடையில் கிடைக்கும் அளவை வாங்கக் கூடாது. காலையில் வீக்கம் இல்லாத நேரத்தில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த அழுத்தத்துக்கு வாங்க வேண்டும். காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். வீட்டு வேலையெல்லாம் முடித்துக் கிளம்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் கால் வீங்கி உறை ஏறாது. குதிகால் வரை உள்ளிருந்து வெளியாகப் புரட்டிவைத்துக்கொண்டு, ரப்பர் கையுறை போட்ட கையால் இழுத்தால் எளிதாக ஏறும். மேல்விளிம்பை மடித்துவிட்டால் அது கயிறு கட்டியதுபோல் நெரிக்கும். மாதங்கள் போகப்போக மீள்தன்மை தளர்ந்துவிடும். தளர்ந்த உறையைப் போட்டுக்கொள்வதில் பயனில்லை. எனக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருந்தது, பிறகு மாலையில் கால் கனக்காமல் வீடு திரும்பிய நாளில் அதன் அருமை தெரிந்தது.

வைகைக்கரையாள் எழுதுகிறார்:

நால்வருக்கும் என் நன்றி. பதில்களை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பைபாஸ் அறுவைக்கு இதே சிரையை எடுப்பார்கள் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். எங்கள் பெரியப்பாவுக்கு அந்த அறுவை நடந்தது. அவர் காலில் நீளமாகத் தழும்பு இருப்பதை அம்மா பார்த்திருக்கிறார். மறுநாளே மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார்.

அரசு மருத்துவமனையில் காட்டினோம். கணுக்கால் அழுத்த அளவு இடது காலில் 1.04, வலது காலில் 1.08. நிற்கவைத்து டாப்ளர் எடுத்தார்கள். ஆழ்சிரைகளில் உறைவு இல்லை. தொடையிடுக்கிலிருந்தே மேற்சிரையின் வால்வு பழுதாகியிருக்கிறது, கணுக்காலுக்கு மேலே ஆழ்சிரையையும் மேற்சிரையையும் இணைக்கும் கிளை ஒன்றும் கசிகிறது என்று அறிக்கை வந்தது. நோயின் ஆறு படிகளில் இது கடைசிப் படி, திறந்த புண் உள்ள நிலை என்று மருத்துவர் சொன்னபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் தமனி நன்றாயிருப்பதால் புண் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். அம்லோடிபினை மாற்றிவிட்டார். பாட்டிக்கும் இதே போன்ற கால்தான் இருந்தது என்று அம்மா அங்கே வைத்துத்தான் சொன்னார். கறுத்த காலோடு பாட்டி வாசலில் உட்கார்ந்து வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காட்சி எனக்கே நினைவிருக்கிறது. அது ஒரு நோய் என்று அந்நாளில் எங்களில் யாரும் எண்ணவில்லை.

பஞ்சு அடுக்கோடு சேர்த்து நான்கு அடுக்குக் கட்டு போட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பத்து நாட்களில் சிரையை அடைக்கும் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கடையில் மூன்று வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறோம். செவிலியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: கட்டுப் போட்ட முதல் இரவு அம்மாவுக்குக் கால் இறுக்கமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை. கட்டைத் தளர்த்தலாமா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதுகிறார்:

மகளே, நல்ல செய்தி. முதல் சில நாட்கள் இறுக்கமாகத் தோன்றுவது இயல்பு. வீக்கம் வடிய வடிய அது குறையும். வீட்டில் தளர்த்திக் கட்டினால் அழுத்தம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்துவிடும், அதனால் நீங்களாகத் தளர்த்த வேண்டாம்.

கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைக் காலையும் இரவும் பார். இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்து, நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் உடனே திரும்பினால் கவலையில்லை. விரல் நீலமாகவோ வெளிறியோ போனாலும், மரத்துப்போனாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் விடியும் வரை காத்திருக்காமல் கட்டை முழுவதும் பிரித்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டு நனைந்தாலோ சரிந்து கணுக்காலில் சுருண்டாலோ அதையும் மாற்ற வேண்டும். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி முழங்காலுக்குக் கீழே நாடாவால் தளர ஒட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டு நடந்தால்தான் வேலைசெய்யும். விடுப்பு என்று அம்மாவைப் படுக்கவைத்துவிடாதே. காலையும் மாலையும் வீட்டு வாசலிலாவது நடக்கச் சொல், நடக்காத நேரத்தில் காலை உயர்த்திவைக்கச் சொல். அடுத்த கட்டு மாற்றும் நாளில் புண்ணின் நீள அகலத்தை அங்கிருக்கும் செவிலியிடம் கேட்டுத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள். அதை வாராவாரம் இங்கே எழுது, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.